வெயிட் போடக் கூடாது

எட்டாம் வாரம் புதன்கிழமை காலையில் இஸ்திரிக்காரி கட்டிலுக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் கிடந்தாள். அவள் புருஷன், பூட்டு ரிப்பேர் செய்கிறவர், முதலில் போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே நல்ல காற்று.

மாடிப்படியில் வழுக்கி விழுந்தவளுக்குத் தொடையெலும்பின் மேல்முனையில் விரிசல். எலும்பு விலகாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்ததால் ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. படுக்கை, வாரம் ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதான். "எட்டு வாரத்துக்கு வெயிட் போடக் கூடாது," என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னார். அடிபட்ட காலை ஊன்றக் கூடாது என்று அர்த்தம். உடம்பு போடக் கூடாது என்று பூட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். மனுஷன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. மூன்று வேளை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் சாப்பாடு கரண்டிக் கணக்கில் வந்தது. "பசிக்குதுங்க," என்று அழுவாள். "கால் சேரணுமா வேண்டாமா? பல்லைக் கடிச்சுக்கோ," என்பார், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாராவாரம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவளைப் போர்வையால் தன் இடுப்போடு கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "எலும்பு சேர்ந்துடுச்சு. இனிமே வெயிட் போடலாம், காலை ஊன்றிப் பழகட்டும்," என்றார் டாக்டர். ஊன்றத் தரை எட்டினால்தானே! பூட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்து நாள் வேளை தவறாமல் ஊட்டினார். கன்னம் உப்பியது, ஆள் இறங்கவில்லை. காலைத் தொங்கப்போட்டுத் துழாவுவாள். தரை ஒரு சாண் தள்ளியே இருந்தது. "நான் இனிமே நிக்கவே மாட்டேனாங்க?" என்று அவள் கேட்டதை அவரால் தாங்க முடியவில்லை. தான் தப்பாக விளங்கிக்கொண்டதைச் சொல்லிவிட்டார்.

"அப்போ நான் அழுததெல்லாம்... சும்மாவா பட்டினி போட்டீங்க?" என்றாள். மனசு கனத்துப்போனது. அந்தக் கனத்தில் மெல்ல இறங்கி, இரண்டு பாதமும் தரையில் பட, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் கடையில் நின்றபடி இஸ்திரி போட்டாள். பூட்டுக்காரரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வந்த அவள் அக்காவை அவரே வாசலோடு நிறுத்திவிட்டார்.

"வேண்டாங்க. அவ மனசு லேசாயிட்டா அப்புறம் யார் பிடிக்கிறது?"

அக்காவுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷமாகியும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் நன்றாக நடக்கிறாள்.