எண்பத்தாறு வீடு, எண்பத்தாறு பேர்

மலேசியாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று கைமாறியது. எண்பத்தாறு குடும்பங்களும் புது அடுக்குமாடிக்குப் போக வேண்டும். ஆள் கணக்கை அன்று மாலைக்குள் அனுப்பும் வேலை பஞ்சாலையிடம் வந்தது. சிரம்பானில் கணினி படித்துவிட்டு, அவள் தோட்டத்து ஆபீசில் சேர்ந்து ஆறு மாதம்தான். அது 1996.

கணினியில் இருந்த குடும்பக் கோப்பில் வீட்டுக்கு ஒரு வரி. ஒவ்வொரு பெயரும் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே, அடுத்து வயது. பெயர்களை எண்ண பஞ்சாலை தேடல் கட்டளை எழுதினாள்: ஒரு மேற்கோள் குறி, நடுவில் எந்த எழுத்தும் எத்தனையும், மறுபடி மேற்கோள் குறி.

எண்பத்தாறு என்றது திரை.

"முந்நூறு பேருக்கு மேல இருக்கோம், கிராணி ஐயா!" என்றாள் பஞ்சாலை.

ஆபீசில் கணக்கு எழுதும் முருகையா கிராணி குனிந்து திரையைப் பார்த்தார். "எல்லாப் பேரும் இருக்கேம்மா."

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. யாரும் விடுபடவில்லை, ஆனால் எண்ணிக்கையில் ஆளைக் காணோம். கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மறுபடி எண்பத்தாறு. பால்மரம் வெட்டும் லெட்சுமி ஜன்னலில் வந்து, "எங்க பேரு லிஸ்டுல விழுந்துச்சா?" என்றாள். விழுந்தது என்பதா, இல்லை என்பதா?

"சன்னாசி பேரு மட்டும் சுத்தமா வந்திருக்கு," என்றார் கிராணி. "மத்ததுல வயசெல்லாம் ஒட்டிக்கிட்டு வருது."

"அவரு தனிக்கட்டைதானே?"

"ஆமா. பொண்டாட்டி புள்ள கிடையாது."

பஞ்சாலை ஆறுமுகம் வீட்டு வரியை விரலால் தடவினாள். முதல் பெயரின் குறியில் தொடங்கிய தேடல், இடையிலிருந்த குறிகளையெல்லாம் விழுங்கி, கடைசிப் பெயரின் குறியில் போய் நின்றிருந்தது. எந்த எழுத்தும் என்றால் மேற்கோள் குறியும் எழுத்துதானே! குடும்பமே ஒரே ஆளாகிவிட்டது. 'மேற்கோள் குறி தவிர எதுவும்' என்று கட்டளையை மாற்றினாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

"ஒரு பேரு எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் கிராணி.

பஞ்சாலை லெட்சுமி வீட்டு வரியைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"லெட்சுமிக்கா, உங்க வீட்டுல ஆறு பேரு."

லெட்சுமி விரல்விட்டு எண்ணினாள். "அஞ்சுதானே? ஓ, செனாவாங் பேக்டரிக்குப் போன பெரியவனையும் சேத்துட்டாங்களா? அவன் அங்கயே ரூம் எடுத்துட்டானே."

பஞ்சாலையின் கை விசைப்பலகை மேல் நின்றது. "எடுத்துடவா?"

லெட்சுமி ஆறாவது விரலையும் மடக்கினாள்.

"இருக்கட்டும்லா," என்றாள்.