இன்னொரு தடவை ரத்தம்

"அதான் நார்மல்னு வந்துடுச்சுல்ல. கிளம்பு போகலாம்" என்று குழந்தைராஜ் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டார்.

அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களும் கூடவே எழுந்தன. திரையில் ஓடிய கோடு தாறுமாறாகக் குதித்தது. அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் மேகலா திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, எங்க எழுந்திருக்கீங்க? படுங்க."

"ரத்தம் எடுத்தீங்க, ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. அப்புறம் என்னம்மா?"

"இன்னொரு தடவை எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"எதுக்கு, வேற ரத்தம் ஊறியிருக்கான்னு பாக்கவா?"

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வந்து தோளைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டுத்தான் போனாள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவர் மனைவியைப் பார்த்தார்.

"எல்சி, மணி என்ன?"

"இப்பதானே கேட்டீங்க."

"வானம் எப்படி இருக்கு?"

எல்சி ஜன்னல் பக்கம் போனாள். திருவையாறு கடைத்தெரு முழுவதும் வெயிலில்லாமல் கிடந்தது. கிழக்கே ஒரு கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. "வெளுத்துத்தான் இருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாத. மண்வாசனை எனக்கு இங்க வருது."

குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி, அவர் காவலுக்கு அங்கேயேதான் படுத்துக் கிடந்தார். இன்றைக்கு எடை போட அவர் முறை. முறை வரும்போது நெல்லோடு ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள். அடுத்த குவியல் நெடுமாறனுடையது. வாய்க்கால் மடைத் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று போயிருந்தது.

காலையில் குளிக்க வீட்டுக்கு வந்தவர் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்து நின்றார். மழையே இல்லை. "என்னங்க இது?" என்று கேட்டதற்கு, "ராத்திரிலேருந்தே லேசா நெஞ்சைப் பிடிக்குது, கேஸ்" என்றார். எல்சி குளிக்க விடவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாள். வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்.

"இதைக் கேளு" என்றார் இப்போது, குரலைத் தாழ்த்தி. "ஈரப்பதம் சரின்னு ஒருவாட்டி சொல்லிட்டான்னா என்ன செய்வோம்? உடனே படுதாவைப் போட்டு மூடிடுவோம். மறுபடி குத்தூசி விட்டுப் பாக்குறேன்னு வந்தா விடுவியா நீ?"

"விடமாட்டேன்."

"ஏன்?"

"எங்கயாவது ஒரு மூலையில ஈரம் இருக்கும்."

"அவ்வளவுதான் விஷயம். ஒருவாட்டி சரின்னுட்டாங்க. திரும்பத் திரும்பக் குத்துனா இவங்களுக்கு ஏதாவது ஒண்ணு கிடைக்கத்தான் செய்யும். செருப்பை எடு."

எல்சிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் அந்தக் களத்தில் படுதா இழுத்து மூடியவள். குனிந்து கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினாள். கையில் ஒன்று அகப்பட்டபோது டாக்டர் ஷமா உள்ளே வந்தாள்.

"யாருக்கும்மா செருப்பு?"

எல்சி செருப்பைக் கீழே போட்டாள். குழந்தைராஜ்தான் பேசினார்.

"டாக்டரம்மா, எனக்கு வலியே இல்ல இப்ப. ஈசிஜியும் சரியாத்தான் இருக்குன்னீங்க. களத்துல நெல்லு கிடக்கு. சாயந்திரமா வந்து எத்தனை தடவை வேணும்னாலும் ரத்தம் குடுக்குறேன்."

"சாயந்திரம் வர்றதுக்கு நீங்க நல்லா இருக்கணும்ல. வலி எப்ப ஆரம்பிச்சதுன்னு சொன்னீங்க?"

"நேத்து ராத்திரி. பரோட்டா சாப்பிட்டேன். அதான்."

"நிச்சயமா ராத்திரியா?"

"ராத்திரிதான்."

எல்சி கேட்டாள்: "நெஞ்சுல இருக்குறது கையில எடுக்குற ரத்தத்துல எப்படிங்க தெரியும்?"

"இதயத்துச் சதையில ட்ரோபோனின்னு ஒரு புரதம் இருக்கும்மா. சதைக்கு அடி பட்டுதுன்னா அது ரத்தத்துல கசிஞ்சு வரும். ஆனா உடனே வராது. சில மணி நேரம் ஆகும். ராத்திரியே வலி வந்திருந்தா இந்நேரம் ரத்தத்துல தெரிஞ்சிருக்கணும், தெரியல. அது நல்லதுதான். காலையிலதான் வந்துச்சுன்னா, நாங்க எடுத்தப்ப அது இன்னும் கசியவே ஆரம்பிச்சிருக்காது. அப்ப இந்த நார்மலை நம்ப முடியாது."

"அப்ப ராத்திரின்னா நான் போலாம்" என்றார் குழந்தைராஜ்.

"ராத்திரின்னாலும் இன்னொரு தடவை பாத்துட்டு அனுப்புறதுதான் எனக்கு நிம்மதி. உங்களைக் கட்டிப் போட முடியாது. வீட்டுக்காரம்மாவோட பேசிக்குங்க."

டாக்டர் வெளியே போனாள். எல்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஏங்க. ராத்திரியா, காலையிலயா?"

"எத்தனை பேருக்குச் சொல்றது? ராத்திரி."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"ஆமா, உன்னைப் பாத்தாத்தான் வலி வந்த நேரம் ஞாபகம் வரும்."

எல்சி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். பத்தடி போய்த் திரும்பி வந்தாள். கட்டிலில் அவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். மறுபடி போனாள். நெடுமாறன் மனைவி தங்கம்மாளின் நம்பரை அழுத்தினாள். ஆண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்களே தவிர, இவர்கள் இரண்டு பேரும் கோழிக்குஞ்சு, மருதாணி என்று பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"தங்கம், களத்துலயா இருக்க?"

"ஆமாக்கா. உங்க வீட்டுக்காரரை எங்க காணும்? குவியல் அனாதையாக் கிடக்கு."

"ஆஸ்பத்திரில இருக்கோம். ராத்திரி உங்க வீட்டுக்காரர் களத்துலதானே படுத்திருந்தாரு? போனை அவர்கிட்ட குடு."

"அவர்கிட்டயா?"

"குடுடி."

கொஞ்ச நேரம் தூற்றுகிற மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"சொல்லுங்க."

"அண்ணே, ராத்திரி அவரு எப்படி இருந்தாரு? தூங்கினாரா?"

"குறட்டையில எங்களைத்தான் தூங்க விடல."

"காலையில?"

நெடுமாறன் மறுபடி தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, டாக்டர் கேக்குறாங்க. உசுரு விஷயம்."

"விடிஞ்சப்புறம் படுதாவை இழுத்தாரு. பாதியில விட்டுட்டு நெல்லு மேலயே உக்காந்துட்டாரு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. நான் பாத்தேன்." அவர் நிறுத்தினார். "போய்க் கேக்கலாம்னுதான் எழுந்தேன். கேட்டா, உன் வேலையைப் பாருன்னுடுவாரு. அதான் உக்காந்துட்டேன்."

எல்சி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இன்னொண்ணு" என்றார் அவர். "இப்ப உங்க முறைதான். ஆள் எங்கன்னு கேக்குறாங்க. என்னோடதை மிஷினுக்குத் தள்ளச் சொல்றாங்க. என்ன செய்ய?"

வராந்தாவின் தகரத்தில் முதல் தூறல் தட்டியது.

"உங்களோடதைத் தள்ளிடுங்கண்ணே."

"மழை வருதும்மா."

"தெரியுது. தள்ளிடுங்க. முடிஞ்சா எங்க படுதாவுக்கு ஒரு கல்லு வைங்க."

அவள் உள்ளே வந்தபோது குழந்தைராஜ் உட்கார்ந்திருந்தார். ஒரு ஒயரைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தார்.

"யாருக்குப் போன் பண்ணின?"

"நெடுமாறனுக்கு."

"எவனுக்கு?"

"காலையிலதான் வலி வந்துச்சாம். நெல்லு மேல உக்காந்தீங்களாம். முறையை அவருக்கு விட்டுட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"நீங்க என்கிட்ட சொல்லிட்டா செஞ்சீங்க?"

அவர் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மேகலா வந்து ஒயரை ஒட்டினாள். கையை நீட்டச் சொன்னாள். அவர் கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டார். எல்சி கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கையைப் பிரித்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேகலா ஊசியை ஏற்றினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

முடிவு வரும்வரை அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். எல்சி உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜெபமாலையை எடுத்தாள், பாதியில் எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

டாக்டர் ஷமா நடையாக வரவில்லை, ஓட்டமாக வந்தாள்.

"ஏறியிருக்கு. முதல்ல இருந்ததை விடப் பல மடங்கு. ஹார்ட் அட்டாக்தான். தஞ்சாவூருக்கு அனுப்புறேன், ஆஞ்சியோ செய்யணும். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. ஐயா, இனி நீங்க எழுந்து நடக்கவே கூடாது."

"களத்துக்குப் போயிருந்தா?" என்று எல்சி கேட்டாள்.

"அதை இப்ப எதுக்கு நினைக்கறீங்க?"

ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறியபோது கீழே காவிரி புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உடன் வந்த இளைஞன் தஞ்சாவூருக்குப் போனில் விவரம் சொல்லிக்கொண்டிருந்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமல், "வலி எப்ப ஆரம்பிச்சது, ஐயா?" என்று கேட்டான்.

எல்சி வாயைத் திறந்தாள். அதற்குள் குழந்தைராஜ் சொன்னார்.

"காலையில. விடிஞ்சு கொஞ்ச நேரத்துல."

"அதுதான் முதல் தடவையா?"

அவர் மேலே ஆடிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"இல்ல. அறுப்பு அன்னைக்கும் வந்துச்சு. அதுக்கு முந்தி நாத்து நட்டப்ப ஒரு தடவை."

எல்சி முன்னால் குனிந்தாள்.

"இன்னும் என்னவெல்லாம் இருக்கு?"

"அவ்வளவுதான்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

இந்தத் தடவை அவர் பார்த்தார். ஆனால் சொல்லவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் அவர் கையை விடாமல், டிரைவரைப் பார்த்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க" என்றாள்.