இறங்க முடியாத சைக்கிள்

குளுவாங் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சயீதின் கடையில், சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய ரோட் பைக்குகள் வரிசையாகத் தொங்கின. கமலநாதன் எதையும் தூக்கி எடை பார்க்கவில்லை; விலையும் கேட்கவில்லை. குனிந்து குனிந்து பெடல்களை மட்டும் பார்த்தான். கடைசியில், ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடல் போட்ட ஒரு கறுப்பு வண்டியின் முன்னால் நின்று, இதுதான் வேண்டும், இப்போதே வேண்டும் என்றான்.

சயீத் அவனைவிட இளையவன். முன்பு பந்தயத்தில் ஓட்டியவரா என்று விசாரித்தான். வாலிபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொந்தியான் கடற்கரைவரை மிதித்ததுண்டு, கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை என்றான் கமலநாதன். அப்படியென்றால் நிமிர்ந்து உட்காரும் வண்டியும் சாதாரணப் பெடலும்தான் நல்லது, பல வருஷம் கழித்து ஏறுகிறவர் இந்தப் பெடலில் கால் விடுபடாமல் சிக்னலிலேயே சாய்ந்துவிடுவார் என்று சயீத் பொறுமையாக விளக்கினான்.

"விழுந்தாலும் பரவால்ல பாய். நெனச்ச எடத்துல இறங்க முடியக்கூடாது. அதான் வேணும்."

"எல்லாரும் பிரேக் நல்லா புடிக்குமான்னு கேப்பாங்க. நீங்க என்னண்ணே, தலைகீழா கேக்குறீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஹேண்டலைப் பிடித்திருந்த கைகள் நடுங்குவதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

மறைத்து என்ன ஆகப்போகிறது? கமலநாதன் சொல்லிவிட்டான். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கால்வாயில் விட்டதையும், பின்னால் உட்கார்ந்திருந்த மகள் லோஷினியின் கை முறிந்ததையும், மனைவி பிரேமலா பிள்ளையோடு பாலோவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டதையும் சொன்னான். மோட்டாரை விற்றாயிற்று. அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் ஃபேக்டரி பஸ் இறக்கிவிடும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மலிவுச் சாராயம் விற்கும் சம்சுக் கடை இருக்கிறது. நடந்தால் கால் தானாக அங்கே திரும்புகிறது. நேற்று வாசல்வரை போய்விட்டான். கடை பூட்டியிருந்ததால் தப்பினான். இன்று திறந்திருக்கும்.

அந்நேரம் பக்கத்துச் சிறு பள்ளிவாசலான சூராவிலிருந்து, அந்தித் தொழுகையான மஹ்ரிபுக்குப் பாங்கு ஒலித்தது. சயீத் கடையைச் சாத்திவிட்டுத் தொழப் போகும் நேரம் அது. கமலநாதன் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போகும்படி கெஞ்சினான்.

"அந்தப் பெடலோட உங்கள அனுப்ப மாட்டேண்ணே, லோரி ஓடுற ரோடு" என்ற சயீத், சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். "தொழுதுட்டு வந்துர்றேன். கடைய பாத்துக்குங்க."

"என்னைய நம்பியா?"

"இப்பதானே உண்மைய சொன்னீங்க."

தனியாக இருக்கையில்தான் தாகம் முழுசாக வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினால், பாய் திரும்புவதற்குள் ஒரு பாட்டில் முடிந்துவிடும்; யாருக்கும் தெரியாது. வாசல்வரை போனான். சாவியை இறுக்கியதில் விரல் வலித்தது. முருகா, இந்த மனுஷன் வரும்வரைக்கும் மட்டும் என்னை இங்கே நிறுத்து என்று வேண்டினான்.

மலாய்க்காரப் பெண் ஒருத்தி காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பம்ப் குழாய் அவன் கையில் வாகாக உட்காரவே இல்லை. நழுவி நழுவி விழுந்தது. அவள் முகம் சுளிக்காமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "பெலான் பெலான், பாங்" என்றாள். மெதுவாக அண்ணே, நிதானமாகச் செய்தால் போதும் என்கிறாள். அவனிடம் அப்படி யாரும் பேசிப் பல நாளாயிற்று. டயர் நிறையும்வரை தலை நிமிராமல் அடித்தான்.

சயீத் வந்து சாவியை வாங்கிக்கொண்டான். கல்லாப் பணத்தை எண்ணவும் இல்லை, சுற்றிப் பார்க்கவும் இல்லை. பூட்டும் பெடலைக் கழற்றிச் சாதாரணப் பெடலை மாட்டினான். சீட்டைத் தாழ்த்தி, நடுங்கும் விரலுக்கு எட்டும்படி பிரேக்கை உள்ளே நகர்த்தினான்.

"நாளைக்கும் நான் தொழப் போவணும். கடைக்கு ஆள் வேணும்."

"நாளைக்கு நான் எப்படி இருப்பேனோ பாய்."

"எப்படி இருந்தாலும் வாங்க."

கமலநாதன் ஏறி மிதித்தான். சம்சுக் கடையில் விளக்கு எரிந்தது. உள்ளிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கால் தரையைத் தேடியது. இறங்கலாம், தடுக்க எதுவும் இல்லை. அழுதுகொண்டே மிதித்தான். தன் வீட்டுச் சந்து வந்தது. அங்கே இறங்கினாலும் கால் கடைக்கே திரும்பிவிடுமோ என்று பயந்து, அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான்.