இரண்டு விடை, ஒரு கட்டம்

கணக்கு டீச்சர் நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கைக்கடிகாரங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கேள்வித்தாளைத் திருப்பிய பிறகுதான் விஷயம் விளங்கியது: ‘ஒரு முழு நாளில் கடிகாரத்தின் இரண்டு முட்களும் எத்தனை முறை செங்கோணத்தில் நிற்கும்?’

பள்ளிக் கணக்குப் போட்டியின் கடைசிச் சுற்று அது. மிஞ்சியிருந்தது இரண்டே ஜோடி. ஜோடிக்கு ஒரே விடைத்தாள், விடைக்கு ஒரே கட்டம், அடித்துத் திருத்தினால் செல்லாது. ஜெயிக்கும் ஜோடி வெளியூர்ப் போட்டிக்குப் போகும். அதில் ஒருத்தி பொடிசு. அவளுக்கு ஜோடி அவளுடைய பெரியம்மா மகள். இவளைவிட மூன்றே மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு அவள் செய்கிற அதிகாரம் ஊருக்கே போதும். வெளியூர் போகப்போவதாக வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று, பெட்டி கட்டாத குறைதான்.

“ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு தடவை. ஒரு நாளைக்கு நாப்பத்தெட்டு. இதுக்குப் போய்க் கடிகாரத்தைப் பூட்டணுமா?” அக்கா பேனாவைத் திறந்தாள்.

“இரு, அக்கா.” பொடிசு ஒரு முழுப் பென்சிலையும் ஒரு துண்டுப் பென்சிலையும் முட்களாக மேசைமேல் வைத்துச் சுற்றிப் பார்த்தாள். பன்னிரண்டில் கிளம்பி மறுபடி பன்னிரண்டுக்கு வருவதற்குள் இருபத்திரண்டுதான் வந்தது. அப்படியென்றால் நாளுக்கு நாற்பத்து நான்கு.

“எங்கேயோ விட்டிருப்பே. ஒவ்வொரு மணியா எடுத்துப் பாரு.”

பார்த்தாள். ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் இரண்டு முறை. இரண்டிலிருந்து மூன்றுக்குள்ளும் இரண்டு. எந்த மணியை எடுத்தாலும் இரண்டுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு இருபத்து நான்கு. அக்கா சொல்வது சரி. மறுபடி ஒரே சுற்றாகச் சுற்றினால் இருபத்திரண்டு. தான் சொல்வதும் சரி! அப்படியானால் நடுவில் இரண்டை யார் முழுங்கினது? தலை கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பு அவளுக்கு வெட்கமில்லாமல் பிடித்திருந்தது. மணியே அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

“எழுதவா, வேண்டாமா? வாயைத் திறடி.”

“தெரியலக்கா. ரெண்டுமே சரியா வருது.”

“ரெண்டும் எப்படிடி சரியா வரும்? கட்டம் ஒண்ணுதானே இருக்கு!”

மணி அடித்தது. அக்கா நாற்பத்தெட்டு என்று எழுதி நீட்டினாள். தாள் டீச்சர் கைக்குப் போன அதே நொடியில் பொடிசுக்குப் பிடிபட்டது. சரியாக மூன்று மணி! இரண்டிலிருந்து மூன்று வரை பார்த்தபோதும் அதை எண்ணினாள், மூன்றிலிருந்து நான்கு வரை பார்த்தபோதும் அதையே எண்ணினாள். ஒன்பது மணிக்கும் இதே கதை.

“ஐயோ, நாப்பத்துநாலு!” என்று கத்தியே விட்டாள், முகமெல்லாம் பல்லாக. அதைத்தான் அடுத்த ஜோடி எழுதியிருந்தது. டீச்சர் அவர்களுக்குக் கை கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். “தோத்துட்டு இளிக்கிறியே, வெக்கமா இல்ல? இனிமே உன்கூட ஜோடி கிடையாது.”

பொடிசுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. அக்கா இல்லாமல் எந்தப் போட்டிக்குப் போய் என்ன செய்ய? ஆனால் கண்ணைத் துடைத்தால் உள்ளே அந்த மூன்று மணி நின்றுகொண்டு சிரிப்பு மூட்டியது. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

“மூணு மணியை ரெண்டு தடவை எண்ணிட்டோம்க்கா,” என்றாள் சமாதானமாக.

“என்கூடப் பேசாதே.”

கடைத்தெரு திரும்பும் இடத்தில் அக்கா நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

“ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதானே மூணு மணி வருது? ரெண்டைக் கழிச்சா நாப்பத்தாறு. நாப்பத்துநாலு எப்படிடி?”

பொடிசு வாயைத் திறந்தாள். அக்கா பாய்ந்து வந்து அந்த வாயைப் பொத்தினாள்.

“சொன்னே, கொன்னுடுவேன்!”