இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு வீடு

போன மாதம் ஒரு வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் வானிலை இல்லாமல் போனது. இடது பக்கம் வேலம்மாள் வீட்டில் மழை பெய்தது. வலது பக்கம் பங்கஜம் வீட்டில் வெயில் அடித்தது. எங்கள் வாசலில் ஒன்றுமே கிடையாது. துவைத்துப் போட்ட சேலை ஆறு நாளாகக் காயவும் இல்லை, சொட்டவும் இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி தெய்வானைக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் எண்ணே வரவில்லை. ஓரங்களில் லேசாக மங்கிக்கொண்டு வந்தாள்.

“மூச்சு விடக் காத்து பத்தலைங்க. வெயிலோ மழையோ, எதாச்சும் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்துத் தெருவரை கேட்கிற சிரிப்பு. அது மட்டும் இன்னும் மங்கவில்லை.

வானிலைக் கணக்கீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அறை எண் மூன்று புள்ளி ஒன்று நான்கு என்றார்கள். நடக்க நடக்க எண் நீண்டது. பதினோராவது இலக்கத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. கைக்குக் கிடைத்த கதவைத் தள்ளினேன். உள்ளே அலுவலர் திருமேனி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் வரைபடத்தை விரித்தார். கட்டம் கட்டமாகக் கோடுகள். அவை சந்திக்கும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி.

“புள்ளி இருக்கற இடத்துக்குத்தான் கணக்குப் போடுவோமுங்க. உங்க வீடு ரெண்டு புள்ளிக்கு நடுவால விழுந்துருச்சு.”

“கணக்கு வானத்தைப் புரிஞ்சுக்கற கருவிதானுங்களே? வானம் எதுக்குங்க உங்க கணக்கைப் பாத்து நடக்குது?”

“வானத்துக்கும் ஒரு வழி தெரியோணுமில்லீங்க.”

மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். சோறு எகிறியது.

“கோவிச்சுக்காதீங்க. பக்கத்து ரெண்டு வீட்டையும் கூட்டி, ரெண்டால வகுத்து, உங்களுக்குப் போட்டர்றேன். ரெண்டு சதவீதம் பிழை இருக்கும். எல்லாக் கணக்குலயும் இருக்கறதுதான்.”

கையெழுத்துப் போட்டேன். வீடு என்றால் வீட்டிலிருப்பவர்களும் சேர்த்தி என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது பாதி மழை பெய்துகொண்டிருந்தது. துளிகள் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றன. கதவைத் திறந்தவள் தெய்வானையின் சேலையில் இருந்தாள். வேலம்மாள் வலது மூக்கில் மூக்குத்தி போடுவாள். பங்கஜம் இடது மூக்கில். இவளுக்கு நட்டநடுவில் இருந்தது.

“வாங்கண்ணா, காப்பி குடிக்கறீங்களா?” என்றாள்.

இரண்டு வீட்டுப் பெண்களும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். தெர்மாமீட்டர் வைத்தேன். முப்பத்தேழு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாலை ஐந்தே காலுக்கு அடுப்படியில் அந்தச் சிரிப்பு கேட்டது. ஓடினேன். தெய்வானையேதான்!

“இந்த மழையைப் பாருங்க, பாதிலயே நிக்குது!”

இருபத்தெட்டு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி இருந்தாள். ஒரு நாளில் அது இரண்டு சதவீதம். பிறகு, “காப்பி ஆறுதுங்கண்ணா,” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஐந்தே காலுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று திருமேனி வீட்டுக்கே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. புதுக் கணினி வந்திருக்கிறதாம்.

“இனிமே பிழையே இருக்காதுங்க.”

அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். “அந்தப் பிழையை மட்டும் விட்டுருங்க சாமி.”

அவர் படிவத்தை எடுத்தார். “எத்தனை சதவீதம் வேணுமுங்க?”

“நூறு.”

“நூறுன்னா அது கணக்கே இல்லீங்களே.”

மணி ஐந்தே கால். உள்ளே அவள் சிரித்தாள். திருமேனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பேனா மூடியைக் கழற்றி, நூறு என்று எழுதினார்.