பதினெட்டாவது அட்டைப்படம்

படத்தில், தண்ணீரில் தலைகீழாகத் தெரிய வேண்டிய சிறுமியை அவள் நிமிர்த்தி வைத்தாள். வேண்டுமென்றேதான். பிம்பம் என்றால் கவிழ்ந்துதான் இருக்கும் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் நிமிர்த்தி வைத்து, படத்தைச் சேமித்து, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தம்பியின் அறைவாசலில் போய் நின்றாள். உள்ளே ஆக்ஸிஜன் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே அவன் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்டது. அப்புறம்தான் காலை உள்ளே வைத்தாள்.

நாலு வாரமாக இந்தத் திருட்டுத்தனம் நடக்கிறது. தம்பியும் அவன் கூட்டாளி மொட்டையும் மூன்று வருஷம் பாடுபட்டு ஒரு வீடியோ கேம் செய்திருந்தார்கள். வெள்ளம் ஏறிக்கொண்டே வரும் ஒரு கட்டிடத்தில், கையில் டார்ச்சோடு ஒரு சிறுமி மாடி மாடியாக ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை, ஆனால் ஆடிப் பார்த்தவர்கள் ராத்திரி விளக்கை அணைக்க மாட்டார்கள். இணையக் கடையில் அதை விற்பனைக்கு வைக்க ஓர் அட்டைப்படம் வேண்டும். அக்கா பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். வேறு யாரிடம் போய்க் கேட்பான்? அவள் முதல் மாதிரிப் படத்தை முடித்த அன்றுதான் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலையணையில் சாய்ந்தபடி படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இந்த அட்டை மட்டும் முடிஞ்சுதுன்னா போதும்க்கா. அப்புறம் நிம்மதியா கண்ணை மூடிடுவேன்."

விளையாட்டுக்குச் சொன்னானோ, வலியில் சொன்னானோ, அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். அட்டை முடியவே கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். மூடநம்பிக்கை என்றால் சொல்லிவிட்டுப் போங்கள். பத்து நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொன்னவன் நாலு வாரம் தாங்கியிருக்கிறானே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆகவே ஒவ்வொரு படத்திலும் ஒரு தப்பு வைத்தாள். ஒன்றில் டார்ச் வெளிச்சம் அடிக்கும் பக்கத்திலேயே நிழலும் விழுந்தது. ஒன்றில் படிக்கட்டு நேரே போய்ச் சுவரில் முட்டியது. இன்னொன்றில் கரும்பச்சைத் தண்ணீர் மேல் கேமின் பெயரைக் கரும்பச்சையிலேயே எழுதினாள். ஒவ்வொன்றையும் அவன் கண்டுபிடித்தான். கண்டுபிடிக்கும்போது வற்றிப்போன முகத்தில் ஒரு களை வரும். அதைப் பார்க்கவே அடுத்த தப்பை யோசிப்பாள்.

அவன் பார்க்கும் முறையே தனி. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கச் சொல்வான். அவள் அதைக் கட்டிலின் கால்மாட்டில் நின்று காட்ட வேண்டும். "காட்டு" என்றால் திரையை அவன் பக்கம் திருப்ப வேண்டும், "மூடு" என்றால் மூட வேண்டும். நடுவில் ஒரே ஒரு நொடி.

"கடையில ஆயிரம் படம் வரிசையா நிக்கும்க்கா. நம்ம படத்துக்குக் கிடைக்கிறது கண்ணை இமைக்கிற நேரம். அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு ஆபத்துன்னு உறைக்கணும். உறைக்கலைன்னா எல்லாம் குப்பை."

"குப்பையா? ராவும் பகலுமா வரைஞ்சிருக்கேன்டா எலி!"

"சரி, அழகான குப்பை."

அன்று காலை, பதினெட்டாவது படத்தோடு அவள் கால்மாட்டில் நின்றாள். அவன் கன்னம் இரண்டும் ஒரே ராத்திரியில் உள்வாங்கியிருந்தன.

"காட்டு."

காட்டினாள்.

"மூடு." அவனும் கண்ணை மூடிக்கொண்டான். "நல்லாருக்கு."

நல்லாருக்கா? இவ்வளவு பெரிய தப்பு கண்ணில் படவில்லையா? பார்வை போய்விட்டதா, நினைவே தப்புகிறதா? திரையை மறுபடி அவன் பக்கம் திருப்பினாள்.

"சரியா பாருடா. தண்ணியைப் பாரு."

"பார்த்தேன்."

அம்மா வந்து ஈரத்துணியால் அவன் உதட்டை நனைத்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். துணியை மடித்துக்கொண்டு போய்விட்டாள். வாசல் திரை ஆடி நின்றது.

"பிம்பம் நிமிர்ந்து நிக்குது" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. "அப்பாடா! அதானே பார்த்தேன். இரு, மத்தியானத்துக்குள்ள வேற ஒண்ணு…"

"இனிமே தப்பு வைக்காதக்கா. என்னால தேட முடியல."

கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணாவதுலேர்ந்து. எறும்புக்குக் கால் எத்தனைன்னு எண்ணி எண்ணி வரையறவ நீ. படிக்கட்டைக் கொண்டுபோய்ச் சுவத்துல முட்ட வைப்பியா?" சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

"எனக்குப் பயமா இருக்குடா."

"எனக்கும்தான்."

நாலு வாரத்தில் அந்த வீட்டில் யாருமே வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அவள் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

"இன்னைக்கே திருத்திக் கடையில ஏத்திடு. விட்டா வெளியீட்டுத் தேதி கைநழுவிடும், மொட்டை பாவம்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இன்னொண்ணு. கீழ் மூலையில உன் பேரைப் போடு. சின்னதா."

"எனக்கெதுக்குடா அதெல்லாம்?"

"போடுன்னா போடேன். இப்பவும் என்கூட மல்லுக்கு நிக்கணுமா?"

பிம்பத்தைக் கவிழ்ப்பது இரண்டு நிமிஷ வேலை. பெயர் போடுவது இன்னொரு நிமிஷம். ஆனால் கடையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். 'ஏற்று' என்ற பொத்தான் நீலமாக ஒளிர்ந்தது. அதை அழுத்தினால் தன் கையாலேயே தம்பியை அனுப்பிவைத்ததாகிவிடும் என்று தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே வைதுகொண்டாள். வைதும் விரல் இறங்கவில்லை. அடுத்த அறையில் அவன் இருமினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அழுத்திய வேகத்தில் நாற்காலி கவிழ எழுந்து ஓடினாள். அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி ஓடி வர்றே?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே ஆகல."

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் சமையலறையில் மருந்து டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடியதும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. டம்ளரைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அறைக்குப் போகாதவரை எதுவும் நடந்திருக்காது என்பதுபோல அங்கேயே நின்றாள். முதலில் போனது அம்மாதான். இயந்திரம் நிறுத்தப்பட்டதும் வீடு எவ்வளவு அமைதியானது என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மொட்டை வந்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதா வேண்டாமா என்று தயங்கினான்.

"இந்த நேரத்துல சொல்றதுக்கு மன்னிச்சிடுங்கக்கா. கடையிலேர்ந்து அட்டையைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன்? எல்லாம் சரியாத்தானே இருந்துது?"

"கேமோட பேரைத் தவிர அட்டையில வேற ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. மூலையில உங்க பேரு இருக்கு. திருத்தறதுக்கு ரெண்டு நாள் குடுத்திருக்காங்க, ஒண்ணும் கெட்டுப்போகல."

"எனக்கு எப்படித் தெரியும்? அவன்தானே போடச் சொன்னான்."

"அவனா?" மொட்டை நம்பாமல் பார்த்தான். "போன கேமுக்கும் இதே காரணத்துக்குத்தான் திருப்பி அனுப்பினாங்க. அன்னைக்கு நான்தான் கூடுதலா ஒரு வரி எழுதிட்டேன்னு ஒரு வாரம் என்னைக் காய்ச்சி எடுத்தான். கடையோட விதி அத்தனையும் அவனுக்கு மனப்பாடம்க்கா. அவன் போய் எப்படி…"

பாதியில் நிறுத்திக்கொண்டான். இந்தக் கடைசித் தப்பை வைத்தவன் அவன்தான் என்று அவளுக்கு உறைத்தது. வெளியே நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படும் சத்தம் வந்தது.

மொட்டை கிளம்பிய பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். படம் வந்தது. மூலையைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், திரை முழுக்க அவள் பெயர் மட்டும் நிற்கிறவரைக்கும். அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"உள்ள என்னடி பண்றே? எவ்வளவு நேரம்?" என்று அம்மா கூப்பிட்டாள்.

"இன்னும் முடியலம்மா" என்றாள்.