பதினான்காவது சோடி

றிஸ்மியா வேலை பார்த்த அமைப்புக்குக் கொள்கைகள் இரண்டு. ஒன்று சமூக நீதி, மற்றது உறுதியான குடும்பம். இரண்டையும் ஒரே பதாகையில் அச்சடித்து உக்குவளை மண்டபத்து மேடையில் கட்டியிருந்தார்கள். இவை என்றாவது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று பதாகை அடித்தவருக்கும் தோன்றவில்லை, கொள்கை எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை. முட்டிக்கொண்ட அன்று மேடையில் பதினான்கு சோடிகள் மாலையோடு உட்கார்ந்திருந்தன.

இவர்கள் ஒன்றும் புதுமாப்பிள்ளை, புதுப்பெண் இல்லை. தாலி கட்டி, பிள்ளை பெற்று, இரண்டொருவர் பேரப்பிள்ளையும் கண்டு, ஆனால் விவாகத்தைப் பதியாமலே காலத்தை ஓட்டியவர்கள். அடையாள அட்டை கையில் இல்லாத காலத்தில் தாலி கட்டியவர்கள் பாதிப்பேர். தாலி இருக்கும்போது தாள் எதுக்கு என்றிருந்தவர்கள் மீதிப்பேர். தாள் இல்லாத வில்லங்கம் கணவன் கண்ணை மூடும்போதோ காணி உறுதி எழுதும்போதோதான் தெரியவரும். அதற்காகத்தான் அமைப்பு பதிவாளரை மண்டபத்துக்கே அழைத்து, எல்லோரையும் ஒரே நாளில் பதிய ஏற்பாடு செய்திருந்தது.

கள உத்தியோகத்தர் என்ற முறையில் வீடு வீடாக ஏறி இறங்கி இந்தச் சோடிகளில் பெரும்பாலோரைச் சேர்த்தவள் றிஸ்மியா. மூன்று சனிக்கிழமை பெண்களுக்கு மட்டும் வகுப்பும் எடுத்தாள். உங்கள் சம்மதத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மாமன் மச்சான் யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது, விருப்பமில்லாவிட்டால் இல்லை என்றும் சொல்லலாம் என்றெல்லாம் சொன்னாள். கடைசி வசனம் கையேட்டில் இருந்தது, அதனால் சொன்னாள். வந்திருந்த பெண்கள் கொட்டாவி விட்டார்கள். பலாபத்வல ஊரிலிருந்து வந்த மங்களேஸ்வரி மட்டும், யோசிக்க நேரம் கொடுப்பார்களா என்று கேட்டாள். தாராளமாகக் கொடுப்பார்கள் என்று றிஸ்மியா சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அங்கேதான் தொடங்கியது.

மண்டபத்தில் பதின்மூன்று சோடிகள் மளமளவென்று முடிந்தன. பதினான்காவது, நடராஜாவும் மங்களேஸ்வரியும். நடராஜா த்ரீவீல் ஓட்டுபவர். குடி இல்லை, கைநீட்டும் பழக்கம் இல்லை, ஸ்டாண்டில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள். பதிவாளர் கேட்டதும் அவர் மண்டபமே கேட்கும்படி சம்மதம் என்றார். அடுத்து பதிவாளர் மங்களேஸ்வரியைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றாள் அவள்.

சபை சிரித்தது. மொழிதான் பிரச்சினை என்று நினைத்த பதிவாளர் சிங்களத்தில் ஒருமுறை கேட்டார். அவளும் சிங்களத்தில், "ஹிதலா கியன்னம் மஹத்தயா" என்று அதையே சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பதிவாளர் பேனையை மூடினார். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்திய மனிதர், மாலையைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் மேடையில் நின்றார். றிஸ்மியாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அமைப்பின் இணைப்பாளர் உதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு என்று மேலே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பதின்மூன்று என்று திருத்தினால் அந்த ஒரு சோடிக்கு என்ன நடந்தது என்று கேள்வி வரும், குடும்பத்தைச் சேர்த்துவைக்கப் போய்ப் பிரித்துவைத்தோம் என்றா பதில் எழுதுவது என்று அவர் றிஸ்மியாவிடம் பொரிந்து தள்ளினார். மாதம் முடிவதற்குள் அந்தப் பெண்ணைப் பதிவாளர் கந்தோருக்குக் கூட்டி வருவது உன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார்.

விஷயம் அறிக்கையோடு நின்றால் பரவாயில்லை. நடராஜாவின் மகள் சிவநந்தினிக்கு அலுவிகாரைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் வீட்டார் பெண்ணின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், பிறகு நிச்சயம் பண்ணலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். பெற்றோர் பதிந்தால் அந்த இல்லையைத் திருத்த வழி உண்டு. அதற்காகத்தான் நடராஜா றிஸ்மியாவைத் தேடி வந்து தன் பெயரைக் கொடுத்ததே. இப்போது தாயே மகள் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போடுகிறாள் என்று பலாபத்வல முழுக்கப் பேச்சு.

மண்டபத்தில் அது நடந்து பதின்மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை பின்னேரம், றிஸ்மியா அந்த வீட்டுக்குப் போனாள். எப்படிப் பேசுவது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தாள். உரிமை, சட்டம் ஒன்றும் வேண்டாம். மகளின் பேச்சை எடுத்தால் போதும், எந்தத் தாயும் இறங்கி வந்துவிடுவாள். அது அவ்வளவு நேர்மையான வழி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கும் வேலை வேண்டும்.

கதவைத் திறந்தது நடராஜா. கதிரையைத் துடைத்துப் போட்டார். உள்ளே போய் அவரே பிளேன்டீ ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு கோப்பையாகக் கொண்டுவந்தார். ஒன்றை றிஸ்மியாவிடம் கொடுத்தார். மற்றதை, பாயில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். அது எடுபடவில்லை என்று தெரிந்ததும், ஏற்கெனவே பளபளவென்றிருந்த த்ரீவீலைக் கழுவப் போய்விட்டார். முன்பு மூன்று தடவை அந்த வீட்டுக்கு வந்தபோதும் அவர் அடுப்படிப் பக்கம் போனதை றிஸ்மியா கண்டதில்லை.

அவள் யோசித்து வைத்தபடியே மகளின் கதையைத் தொடங்கினாள். மங்களேஸ்வரி கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சொத்தையானது ஒரு பக்கம், பச்சை மாறாதது ஒரு பக்கம் என்று ஏலக்காய் பிரிந்துகொண்டே போனது. எல்லாம் முடிந்தபிறகு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒங்க கல்யாணத்துல ஒங்கள்ட்ட கேட்டாங்களா மிஸ்?"

கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? றிஸ்மியாவின் நிக்காஹ் பதினொரு வருடத்துக்கு முன்பு நடந்தது. காலையில் வாப்பா அறை வாசலில் வந்து நின்று, மாப்பிள்ளை பஸ்லிக்கு ஓமென்று சொல்லப் போகிறேன், என்ன என்றார். அவள் குனிந்தபடி இருந்தாள். மௌனம் சம்மதம் என்று வாப்பா திரும்பிப் போய்விட்டார். பதிவுப் புத்தகத்தில் பஸ்லி கையெழுத்து வைத்தான், வாப்பா வைத்தார், சாட்சிகள் இரண்டு பேர் வைத்தார்கள். அவள் கையெழுத்து வைக்க அதில் ஓர் இடம் இருக்கவில்லை. பஸ்லி நல்லவன், அவன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வகுப்பில் சம்மதத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு தடவையும் பதிவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம் நினைவு வந்து குத்தும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கேக்கல்ல அக்கா" என்றாள். "வாப்பா தான் சைன் வெச்சார்."

மங்களேஸ்வரி தலையை ஆட்டினாள். பரிதாபப்படவும் இல்லை, பார்த்தாயா என்று மடக்கவும் இல்லை. தனக்கு அப்போது பத்தொன்பது வயது, புதன்கிழமை மாமா வந்து சொன்னார், வெள்ளிக்கிழமை தாலி என்று ஊர்ச்செய்தி சொல்வது போலச் சொன்னாள். பிறகு முதல்முறையாகக் கையிலிருந்த ஏலக்காயைக் கீழே வைத்தாள்.

"அவரு நல்ல மனுசன்தான் மிஸ். அடிச்சதில்ல, குடிச்சதில்ல. ஆனா இருவத்தாறு வருசமா அவரு வீட்டுக்குள்ள வந்தா நான் மொதல்ல பாக்குறது அவரு மூஞ்சியத்தான். இன்னைக்குக் கோவமா இருக்காரா, பேசலாமா, வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமான்னு பாப்பேன். இப்ப பதிமூணு நாளா அவரு என் மூஞ்சியப் பாக்குறாரு."

வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"கையெழுத்து வைப்பேன். புள்ளைக்காக வைப்பேன், மாசம் முடியிறதுக்குள்ள வைப்பேன். அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று றிஸ்மியா கேட்டாள்.

"அவரு எங்க என்கிட்ட கேட்டாரு?" என்றாள் மங்களேஸ்வரி.

அவள் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். முதல் நாள் தன் அண்ணனை அனுப்பினாராம். பிறகு கோயில் தர்மகர்த்தா வந்தார். ஸ்டாண்டில் இருந்து இரண்டு டிரைவர்மார் பெண்சாதிகளோடு வந்து புத்தி சொன்னார்கள். பெற்ற மகளையே தூது விட்டுப் பார்த்தார். இன்றைக்கு மிஸ். வர வேண்டிய ஒரே ஆள்தான் வரவில்லை, அவர் இதே வீட்டில்தான் இருக்கிறார்.

புறப்படும்போது நடராஜா மாத்தளை பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. பெரிய வீதியில் ஏறியதுமே கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன சொன்னாள் என்று கேட்டார். இரண்டே வார்த்தையில் அவர் நெஞ்சில் பால் வார்த்திருக்கலாம். உதயராஜும் அதற்குள் இரண்டு தடவை அழைத்திருந்தார். அவருக்கும் நல்ல சேதி சொல்லியிருக்கலாம். றிஸ்மியா ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

"நீங்களே கேளுங்க அண்ணே."

நடராஜா எதிரே வந்த லொறிக்கு வழிவிட்டார், ஒரு மாட்டுக்கு வழிவிட்டார். அலுவிகாரை தாண்டிய பிறகு வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எப்படிக் கேக்குறது மிஸ்?"

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. பாதை தெரியாத மனிதர் பாதை கேட்பது போலத்தான் கேட்டார். இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனைவியிடம் விருப்பம் கேட்க அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. றிஸ்மியா கையேட்டை நினைத்துப் பார்த்தாள். கையேட்டில் பெண் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று நான்கு பக்கம் இருந்தது. ஆண் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

"சம்மதமாண்டு கேளுங்க" என்றாள் கடைசியில். "கேட்டுட்டு, அவங்க பேசுற வரைக்கும் சும்மா இருங்க."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போனதும், எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, "சம்மதமா" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். அது அதட்டலாக வந்தது. அவருக்கே அது பிடிக்கவில்லை போலும், குரலைத் தாழ்த்தி இன்னொருதரம் சொன்னார். பஸ் நிலையம் வரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.